பெட்டிப் பலகைத் தம்புரா

மேல் படுக்கைக்குப் பணம் கட்டியது நான். படுத்துக்கொண்டு வந்தது தம்புரா.

பெங்களூரில் இரவு ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸில் ஏறியபோது டிக்கெட் பரிசோதகர் மேலே ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். நாலரை அடி நீளம், பப்பிள் ஷீட்டில் சுற்றி, அதன் மேல் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் இறுக்கிய ஒரு மூட்டை. இயந்திர உதிரிபாகத்தை ஏற்றுமதிக்குக் கட்டுகிற அதே கட்டு. எனக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான்.

"என்ன சார், பிளைவுட்டா?"

"தம்புரா சார்."

"தம்புரான்னா குடம் இருக்குமே?"

கர்நாடகக்காரர், விஷயம் தெரிந்தவர். குடத்துக்குப் பதில் பெட்டி வைத்திருக்கிறேன், நானே செய்தது, அதைக் காட்டத்தான் மகாராஷ்டிரத்து மிரஜுக்குப் போகிறேன் என்று சொன்னேன். "மிரஜுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களைத்தான் பார்த்திருக்கேன்" என்று சொல்லி நகர்ந்தார். அவர் சொன்னது தப்பில்லை. 1894இல் வான்லெஸ் என்ற கனடா நாட்டு மிஷன் டாக்டர் அங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார். அன்றிலிருந்து அந்த ஊர் வட கர்நாடகத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிறது. அந்த ரயில் பெட்டியிலேயே பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே உறை இருந்தது. ஒரு வகையில் நானும் நோயாளியைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் நோயாளிக்குக் குரல் வரவில்லை.

*

எனக்கு மறைமலை நகரில் ஒரு சின்னப் பட்டறை. இயந்திரங்களை அனுப்புவதற்கு மரப்பெட்டி அடிப்பது தொழில். வீடு அடுத்த ஸ்டேஷனான சிங்கப்பெருமாள் கோயிலில். பாடலாத்ரி நரசிம்மருக்காக அந்த ஊரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அந்த ரயில் நிலையத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது, இருபது வருஷம் அதே நடைமேடையில் மின்சார ரயிலுக்குக் காத்து நின்ற எனக்கே, ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் தெரிந்தது.

1937 அக்டோபர் 27. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த உஸ்தாத் அப்துல் கரீம் கானுக்கு நெஞ்சு வலி வந்தது. கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் பெரிய பெயர் அவர். சவாய் கந்தர்வருக்குக் குரு. அந்த வழியில் பீம்சேன் ஜோஷிக்கும் கங்குபாய் ஹங்கலுக்கும் குருவின் குரு. சிங்கப்பெருமாள் கோயிலில் இறக்கினார்கள். நடைமேடையில் படுக்கை விரித்து, தம்புராவைச் சுதி சேர்க்கச் சொல்லி, தர்பாரி ராகத்தில் பிரார்த்தனையைப் பாடியபடியே அடங்கினார் என்று சீடர் பரம்பரையில் சொல்கிறார்கள். அறுபத்தைந்து நிறையச் சில நாட்களே பாக்கி. உடலை மிரஜுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அதைப் படித்த மறுநாள் காலை அதே நடைமேடையில் நின்றேன். இட்லிக் கடை ஸ்பீக்கர், அறிவிப்பு, எக்ஸ்பிரஸ் கடந்து போகிற இரைச்சல். இந்த இடத்தில் ஒரு தம்புரா எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தேன். யோசனை அதோடு நின்றிருக்கலாம். பட்டறை வைத்திருப்பவனுக்கு யோசனை அப்படி நிற்பதில்லை, கை அரிக்கும்.

கடையில் வாங்கக் கூடாது, பட்டறையில் மிஞ்சிய பொருளிலேயே செய்ய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஆண் குரலுக்கான தம்புரா, அதிலும் அந்த நாலாவது தந்தி, மந்தர ஸா, அடி வயிற்றில் கேட்கிற அந்த ஒலிதான் எனக்கு வேண்டியிருந்தது.

முகப்புப் பலகைக்கு ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்த பைன் மரப்பெட்டி. வெளிநாட்டுப் பெட்டி மரத்தில் ஒரு முத்திரை இருக்கும்: கோதுமைக் கதிர் படம், நாட்டின் குறியீடு, கூடவே 'ஹெச்.டி.' என்ற எழுத்து. மரத்தின் உள்ளே வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் நின்றது, பூச்சி இல்லை என்பதற்கு அது சாட்சி. அந்த முத்திரை தெரியும்படியே பலகையை அறுத்தேன், அழகாக இருந்தது. பக்கச் சுவருக்கும் அடிக்கும் ஆறு மில்லி பிளைவுட். நீளக் கழுத்தான தண்டிக்குப் பழைய வீடு ஒன்றின் தேக்கு நிலைச்சட்டம். தந்தியை முறுக்கும் பிரடைகளை உடைந்த கட்டில் காலிலிருந்து பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். தந்தி ஏறி உட்காரும் குதிரைக்கு அதே லேத்தில் கிடந்த வெள்ளை நைலான் கட்டை. மேல் தந்தி மூன்றுக்கு மட்டும் விதியை மீறி எஃகுத் தந்தி வாங்கினேன். நாலாவதுக்கு, 'தடித்த தந்திதானே, அது நம்மிடமே இருக்கிறதே' என்று மிக் வெல்டிங் சுருளிலிருந்து 0.8 மில்லி கம்பியை வெட்டி மாட்டினேன். மேலே செம்புப் பூச்சு இருந்ததால் பார்க்க அசல் பித்தளைத் தந்தி போலவே மின்னியது.

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மீட்டினேன். மேல் தந்திகள் 'டிங்' என்றன. மந்தரம் 'டொப்' என்றது. மாடியிலிருந்து செருப்பு விழுந்த மாதிரி.

கம்பியைத் தளர்த்தினால் ஒலி கீழே இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. இன்னும் தளர்த்தினேன். மீட்டிய நொடியில் சுதி மேலே ஏறி, பிறகு சரிந்து, செத்தது. தொய்ந்த கம்பியை இழுத்து விட்டால் அந்த இழுப்பே அதை ஒரு கணம் முறுக்கிவிடுகிறது, அதனால் நிலையான ஸா கிடைக்காது. பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு ஸ்தாயி கீழே போக மூன்று வழி உண்டு. தந்தியின் நீளத்தை இரட்டிக்கலாம். இழுவையைக் கால் பங்காக்கலாம். அல்லது ஒவ்வொரு சென்டிமீட்டரின் எடையையும் நாலு மடங்காக்கலாம். நீளம் நாலு தந்திக்கும் ஒன்றுதான், 95 சென்டிமீட்டர். இழுவையைக் குறைத்தால் செருப்பு. மிச்சம் எடை. எடைக்காகக் கம்பியைத் தடிப்பாக்கினால் அது விறைத்துப்போய், தந்தி மாதிரி ஆடாமல் இரும்புக் கழி மாதிரி ஆடுகிறது. அதன் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன.

கணக்கு நோயைச் சொன்னது, மருந்தைச் சொல்லவில்லை. அதனால்தான் தம்புரா செய்கிறவர்களின் ஊரான மிரஜ்.

*

விடியும்போது ஹூப்ளி. 1,507 மீட்டர் நீளமான நடைமேடை இந்த ஊரில் இருக்கிறது, உலகிலேயே நீளமானது என்று போர்டில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நீளம் இரட்டித்தால் சுதி ஒரு ஸ்தாயி இறங்கும் என்ற கணக்கு மண்டையில் ஓடியது. இந்த நடைமேடையில் தந்தி கட்டினால் என்ன சுதி வரும்? தூக்கம் கெட்டவனுக்கு இப்படித்தான் தோன்றும்.

ஹூப்ளிக்குப் பக்கத்தில்தான் சவாய் கந்தர்வரின் குந்தகோல். அடுத்தது தார்வாட். பேடா விற்கிறவர்கள் ஏறினார்கள். இந்த ரயில் தடத்தை ஒட்டியே கிரானா கரானா தெற்கே வந்து வேர் பிடித்தது. அப்துல் கரீம் கான் பிறந்தது 1872இல், உத்தரப் பிரதேசத்துக் கைரானாவில். மைசூர் அரண்மனைக்கு வந்து பாடினார், கர்நாடக சங்கீதத்தின் மேல் ஆசைப்பட்டு தியாகராஜர் கீர்த்தனையையும் இசைத்தட்டில் பாடிவைத்தார், கடைசியில் மிரஜில் குடியேறினார். வடக்கும் தெற்கும் அவர் தொண்டையில் சந்தித்துக்கொண்டன என்றால், மிரஜ் அந்தச் சந்திப்புக்கு ரயில் ஜங்ஷன். பேச்சுக்குச் சொல்லவில்லை, அது நிஜமாகவே ஜங்ஷன்தான்.

பெளகாவி தாண்டி, கிருஷ்ணா நதியைக் கடந்தோம். இரண்டு பக்கமும் கரும்பு. போர்டுகளில் கன்னடம் மெல்லக் குறைந்து மராத்தி கூடியது. மதியத்துக்கு மேல் மிரஜ். எக்ஸ்ரே உறைகள் ஒரு பக்கம் ஆட்டோ ஏறின. நான் சிதார் செய்கிறவர்களின் தெருவைக் கேட்டேன். ஆட்டோக்காரர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டார்.

*

அந்தச் சந்துக்குள் நுழையும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு கடையில் யாரோ அரத்தால் ராவுகிறார்கள், ஒரு கடையில் தந்தியைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு ஸா. அரக்கு மெருகின் வாடை. உத்தரத்திலிருந்து தொங்குகிற சுரைக்குடங்கள், சிலதை இரண்டு கை சேர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

இந்தத் தொழில் இங்கே வந்த கதை விசித்திரமானது. ஷிகல்கர் என்பது வாள், ஈட்டிகளுக்குச் சாணை பிடிக்கிற குடும்பங்களின் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் வாளுக்கு வேலை இல்லாமல் போனது. மிரஜ் சமஸ்தானத்தின் பட்வர்தன் அரசர்களுக்குச் சங்கீதத்தில் பற்று. அரசவைக்கு வருகிற பாடகர்களின் தம்புராக்கள் உடைந்தால் பழுது பார்க்க ஆள் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபரித்சாகேப் ஷிகல்கர் இந்த வேலையைக் கையில் எடுத்தார். ஆயுதம் தீட்டிய அரம் குதிரை தீட்டப் போனது. இன்றைக்கும் இந்தத் தெருவில் பல கடைகள் அவர் வம்சத்தவர்களுடையவை. 2024இல் மிரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்முடைய தஞ்சாவூர் வீணை அதைப் பத்து வருஷத்துக்கு முன்பே வாங்கிவிட்டது.

நான் போன கடையில் எழுபதைத் தொடுகிற ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைப் பையன்கள் சாச்சா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என் இந்தி பெட்டி வியாபாரத்துக்குப் போதும், சங்கீதத்துக்குப் போதாது. இனி அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்த அளவில்.

ஸ்ட்ரெட்ச் ஃபிலிமைக் கிழித்து எடுத்தேன். தெருவே எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. சாச்சா மீட்டவில்லை. முகப்பில் விரல் கணுவால் ஏழெட்டு இடத்தில் தட்டினார், தர்பூசணி வாங்குகிறவர் போல. பிறகு என்னைப் பார்த்தார்.

"இது பெட்டி."

"ஆமாம் சாச்சா. பெட்டி செய்கிறதுதான் என் தொழில்."

"நல்ல பெட்டி. உள்ளே வைத்தது வெளியே வராது."

பையன்கள் சிரித்தார்கள். அதைவிடச் சரியாக யாரும் என் தம்புராவை விமர்சிக்க முடியாது. ஏற்றுமதிப் பெட்டியின் வேலை உள்ளே இருப்பதை அசையவிடாமல் காப்பது. தம்புராவின் வேலை அதற்கு நேர் எதிர். எட்டு மில்லி கனத்தில் முகப்பு வைத்திருந்தேன், உடையக் கூடாது என்று. இருபது வருஷப் பழக்கம்.

அடுத்து மந்தரக் கம்பியை நகத்தால் சுரண்டினார். செம்புப் பூச்சு உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தது. "இது வேலிக்கு" என்று பிடுங்கிப் போட்டார். தமிழில் கம்பி வேறு, தந்தி வேறு. அவர் மொழியில் இரண்டுக்கும் தார் என்ற ஒரே சொல்தான். சொல்லே பிரித்துவைத்திருந்த வித்தியாசத்தை நான் கவனிக்காமல் விட்டேன், ஒரே சொல் வைத்திருந்தவர் கவனித்தார்.

அவர் மாட்டியது 0.6 மில்லி பித்தளை. என் கம்பியைவிட மெலிசு. எஃகைவிடப் பித்தளை கனமான உலோகம், அதே சமயம் மென்மையானது. மெலிசாகவே எடை சேர்கிறது, விறைப்பதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மேல் ஸா தந்தி, 0.3 மில்லி எஃகு, சுமார் மூன்றரைக் கிலோ இழுவையில் நிற்கிறது. இந்தப் பித்தளை ஒரு ஸ்தாயி கீழே, சுமார் மூன்றே முக்கால் கிலோவில் நிற்கிறது. கிட்டத்தட்ட ஒரே இழுவை. மந்தரத் தந்தி மற்ற தந்திகளுக்குச் சமமாகவே முறுக்கிக்கொண்டு நிற்கிறது, எடையைச் சுமந்துகொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். கீழ்ச் சுரம் என்றால் தளர்ச்சி என்று நான் நினைத்திருந்தது அடிப்படையிலேயே தப்பு.

*

மிச்சம் குதிரை. நைலானைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. தந்தி அழுத்திய இடத்தில் நகக்குறி போல நாலு பள்ளம். வழவழப்பான, மிருதுவான பொருள், லேத்துக்காரர்களுக்குப் பிடித்தது. ஆனால் தந்தியின் நுணுக்கமான அதிர்வையெல்லாம் பஞ்சு மெத்தை போல விழுங்கிவிடுகிறது.

சாச்சா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இழுத்துத் திறந்தார். எனக்கு அந்த நிமிஷம் மறக்காது. உள்ளே முழுக்கக் கழிவு. உடைந்த சிதார்களின் குதிரைகள், ஒட்டக எலும்புத் துண்டுகள், கருப்பு எபனைட் பட்டைகள், செல்லுலாய்டு நறுக்குகள், பழங்காலத்து மான் கொம்புச் சில்லுகள். இப்போது கொம்புக்குச் சட்டத் தடை, புதிதாக யாரும் தொடுவதில்லை. என் பட்டறை மூலையில் கிடப்பதும் கழிவு, இந்த டப்பாவில் இருப்பதும் கழிவு. ஆனால் அவர் ஒவ்வொன்றாக எடுத்து, மரப்பலகையில் போட்டு, விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தார். ஏழாவதோ எட்டாவதோ ஒரு எபனைட் குதிரையை வைத்துக்கொண்டார். என் கழிவை நான் அளவு பார்த்து எடுத்திருந்தேன். அவர் கேட்டு எடுத்தார்.

வழக்கமான தம்புராவின் முகப்பு லேசாகப் புடைத்திருக்கும், குதிரையின் காலும் அதற்கேற்ப வளைந்திருக்கும். என்னுடையது டைனிங் டேபிள் போலச் சமம். காலை ராவி மட்டமாக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகு தொடங்கியது ஜவாரி, நாம் ஜீவா என்று சொல்கிற வேலை.

மற்ற நாட்டுக் கருவிகள் பெரும்பாலானவற்றில் தந்தி ஒரு கூர்மையான விளிம்பில் தொட்டுவிட்டுப் போய்விடும். தம்புராவின் குதிரை அகலமானது, அதன் மேல்தளம் கண்ணுக்கே தெரியாத வளைவில் முன்னால் சரிகிறது. ஆடுகிற தந்தி அந்தச் சரிவை ஒவ்வொரு ஆட்டத்திலும் உரசி உரசி விலகுகிறது. அந்த உரசல்தான் ரீங்காரம். சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1921இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் எழவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. வீணையும் தம்புராவும் அந்த விதிக்குக் கட்டுப்படாமல் அந்தச் சுரங்களையும் எழுப்புகின்றன, காரணம் குதிரையின் வளைவு என்று அவர் கண்டார். திருச்சியில் பிறந்தவர் காதுக்கு அந்த விதிமீறல் தொட்டிலிலேயே பழகியிருக்கும்.

சாச்சா இரண்டு இழுப்பு ராவுவார், தந்தியைத் தூக்கி வைப்பார், மீட்டுவார். தலையை ஆட்டுவார், தந்தியை விலக்குவார், மறுபடி இரண்டு இழுப்பு. சுதிக்குப் பையன் செல்போனில் தம்புரா செயலியைப் போட்டுவைத்திருந்தான். மிரஜ் தெருவில், தம்புரா செய்கிற கடையில், செயலி ஸா கொடுத்துக்கொண்டிருந்தது. 1970களின் கடைசியில் பெங்களூரில் எலெக்ட்ரானிக் தம்புரா வந்தது. அது கைக்குள் அடங்கியது, பிறகு போனுக்குள் போயிற்று. "உங்களுக்கு அதன் மேல் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன். "அது பொய் சொல்லாது, சுதி சரியாக இருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனால் அதற்குப் பசியும் எடுக்காது" என்றார். அதன் அர்த்தத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பருத்தி நூலைக் கேட்டார். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். இந்த நூல் வித்தை எனக்குத் தெரியும். ஊரில் என் நைலான் மேல் ஆறு மாதம் நூல் வைத்துத் தோற்றிருக்கிறேன். தளம் சரியில்லாத இடத்தில் நூல் வெறும் நூல். இப்போது பஞ்சமத் தந்தி முதலில் பேசியது. பிறகு ஸா இரண்டும். மந்தரம் முனகியது, அவ்வளவுதான்.

சாச்சா உளியை எடுத்து முகப்பின் ஓரத்தைக் காட்டினார். "இங்கே சுரண்ட வேண்டும். சுற்றிலும் ஓரம் மெலிய வேண்டும், நடுப்பகுதி அசைய வேண்டும்." அவர் விரல் நின்ற இடம் என் முத்திரை.

"அது என்ன எழுத்து?"

மரத்தைச் சுட்டுப் பூச்சி கொன்றதற்கான சான்று என்று விளக்கினேன். அது தெரிய வேண்டும் என்றுதான் அறுத்தேன் என்றும் சொன்னேன்.

"எழுத்து வேண்டுமா, ஸா வேண்டுமா?"

ஒரு சங்கடமான அமைதி. கடைசியில் பேரம் படிந்தது. இடது ஓரம், மேல் ஓரம், கீழ் ஓரம் முழுக்கச் சுரண்டினார். முத்திரை இருந்த ஓரத்தில் ஹெச்.டி.யும் நாட்டின் குறியீடும் சுருள் சுருளாகப் போயின. கோதுமைக் கதிரில் பாதியை மட்டும் எனக்காக விட்டுவைத்தார். அந்த இடம் இன்றும் மற்ற ஓரங்களைவிடத் தடிப்பாகத்தான் இருக்கிறது. என் பிடிவாதத்தின் கனம் அது.

பிறகு நாலு தந்தியையும் வரிசையாக மீட்டினார். பா, ஸா, ஸா, கீழே ஸா.

*

வந்தது பெரிய ஒலி இல்லை. பக்கத்தில் தொங்கிய சுரைக்குடத் தம்புரா ஒன்றை அவர் ஒப்புக்கு மீட்டிக் காட்டியபோது வித்தியாசம் தெரிந்தது. அந்தக் குடம் பீமா நதிக்கரையில், பண்டரிபுரம் பக்கத்தில் விளைகிறது. கசப்புச் சுரை, தின்ன முடியாது, இதற்காகவே பயிர் செய்கிறார்கள். முற்றவிட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, வெட்டி, ஊறவைத்து, குடைந்து எடுக்கிறார்கள். விதையும் சதையும் போன பிறகு மிஞ்சுகிற ஓடு. யோசித்தால் அதுவும் மிச்சம்தான். தண்டி தூணி மரத்தில் செய்தது, சிவந்த, லேசான மரம். என் பெட்டி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் மந்தரம் இருந்தது. சந்தேகமே இல்லாமல் இருந்தது.

எப்படி இருந்தது என்பதுதான் புதிர். அந்த ஸா சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் காற்றில் ஐந்து மீட்டருக்கு மேல். என் பெட்டியின் அகலம் 35 சென்டிமீட்டர். இவ்வளவு சின்னப் பெட்டி அவ்வளவு பெரிய அலையைக் காற்றில் தள்ளவே முடியாது. சுரைக்குடத்தாலும் பெரிதாக முடியாது. தம்புராவிலிருந்து நிஜமாகவே நம் காதுக்கு வருவது பெரும்பாலும் அதன் மேல்சுரங்கள்: இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, அதற்கும் மேலே ஒரு படை. அவை ஒழுங்காக, ஒரே குடும்பமாக வந்தால், இவர்களுக்கெல்லாம் தகப்பன் ஒருவன் கீழே இருக்க வேண்டும் என்று மூளை முடிவு செய்து, அந்த அடிச் சுரத்தைத் தானே கேட்டுக்கொள்கிறது. கைப்பேசியின் துளி ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி நமக்குக் கேட்கிறதே, அதுவும் இப்படித்தான்.

ஆறு மாதம் நான் கீழேயே தேடிக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பெரிதாக்கினேன், கம்பியைத் தடிப்பாக்கினேன், தளர்த்தினேன். சாச்சா கீழே எதையும் தேடவில்லை. மேலே இருப்பவை ஒன்றோடொன்று சேரும்படி அரை அங்குலத் தளத்தை ராவினார். அடியில் இருப்பது தானாக வந்து உட்கார்ந்தது.

எபனைட் குதிரைக்கும் தந்திக்கும் மட்டும் காசு வாங்கினார். சுரண்டியதற்குக் கேட்டபோது, "அது மரப்பெட்டிக்காரனுக்குப் பெட்டியைத் திறந்து கொடுத்தது" என்றார். என் நைலான் குதிரையைக் கேட்டு வாங்கி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

*

மாலையில் மீராசாகேப் தர்காவுக்குப் போனேன். அப்துல் கரீம் கான் அந்த வளாகத்தில்தான் உறங்குகிறார். வருஷாவருஷம் உரூஸ் சமயத்தில் அவர் நினைவாக இங்கே இசைவிழா நடக்கிறது. பெரிய பெரிய வித்வான்கள் காசு வாங்காமல் வந்து பாடிவிட்டுப் போவார்கள் என்று பூ விற்கிறவர் சொன்னார். நான் போனது சாதாரண நாள். குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தாய், ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்த ஒருவர், புறாக்கள்.

கான் சாகேப் கருவிகளைத் தன் கையாலேயே பழுது பார்ப்பாராம், அதற்கான சாமான்களைப் பயணத்தில் கூடவே வைத்திருப்பாராம். சாச்சாதான் சொன்னார், தொழில்காரனைப் பற்றித் தொழில்காரன் சொல்கிற மதிப்போடு. அவர் அடங்கிய அன்றைக்கு எங்கள் ஊர் நடைமேடையிலும் அந்தப் பை இருந்திருக்குமோ என்று நினைத்தேன். சமாதிக்கு முன்னால் தம்புராவை இறக்கிவைத்தேன். மீட்டவில்லை. பயணத்துக்காகத் தந்திகளைத் தளர்த்தியாகிவிட்டது. மீட்டியிருந்தாலும் செருப்புச் சத்தம்தான் வந்திருக்கும்.

திரும்பும் வழியில் மேல் படுக்கை எனக்கே கிடைத்தது. தம்புராவைக் காலடியில் குறுக்கே போட்டுக்கொண்டேன். சென்னையிலிருந்து செங்கல்பட்டு மின்சார ரயிலில், ஆபீஸ் விட்ட கூட்டத்தில், அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினேன். இட்லிக் கடை மூடியிருந்தது. ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனது. நடைமேடை அதிர்ந்தது, கையிலிருந்த பெட்டியும் லேசாக அதிர்ந்தது.

வீட்டில் சுதி சேர்க்க நாற்பது நிமிடம் ஆனது. மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். நூல் இரண்டு தடவை நழுவியது. சாச்சா வைத்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன், ஆனால் எங்கள் ஊர் ஈரக்காற்றில் அந்த இடம் நகர்ந்திருந்தது. காதால் தேடி வைத்தேன். மணி பத்தைத் தாண்டியிருக்கும். பா, ஸா, ஸா, கீழே ஸா. நிறுத்தாமல் மீட்டிக்கொண்டே இருந்தேன்.

கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அம்மா.

"தம்பி, உங்க வீட்டு மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க. ரொம்ப நேரமா ஓடுது, தொட்டி ரொம்பி வழியப்போகுது."